ராகு காலத்தில் திறந்த சூளை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி 10 நிமிடத்துக்கு எங்கள் பீப்பாய்ச் சூளையைக் கடைசி முறையாகத் தூக்கினோம். கீழே செங்கல் மேடையில் ஆறு கிண்ணங்கள் கமலா ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தன. அன்று இரவு எண்ணிப் பார்த்தபோது 24 கிண்ணங்களில் 21 முழுசாக இருந்தன. ஆடி மாதம் இதே 24-ல் ஒன்றுகூடத் தேறவில்லை. இடையில் கழிந்த ஐந்து மாதங்களில் என்னென்ன தப்புச் செய்தோம் என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எங்கள் மண்பாண்டப் பட்டறை வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடையில், கேரளப் பக்கத்தில், ஓடாமல் நின்றுபோன ஓர் அரிசி ஆலைக் கொட்டகை. பதினொரு பேர் மாதம் 600 ரூபாய் போட்டு நடத்துகிறோம். இரண்டு மின்சக்கரங்கள், காலால் உதைத்துச் சுற்றும் ஒரு சக்கரம், பழையதாக வாங்கிய ஒரு மின்சூளை, ஆலைக்காரர் விட்டுச்சென்ற மேடைத் தராசு ஆகியவையே சொத்து. இதில் தராசுதான் பின்னால் அதிகம் உதவியது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை போடும்போது இரண்டும் என்று வாழும் ஊர் இது. நான் பகலில் கோயம்புத்தூர் வார்ப்பட ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். உலை, பர்னர் என்று நித்தம் காதில் விழுவதால் சூளை கட்டும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

விருந்தினரை அழைக்கலாம் என்ற யோசனை இரண்டு வருடமாகவே இருந்தது. பதினொரு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றவர்கள். ஒருவரின் தப்பு மற்றவருக்குப் பழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு கை வந்து மண்ணைத் தொட்டால்தான் தெரியும் என்று முடிவு செய்து, மலைப்பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மட்கலைஞரை அழைத்தோம். புதுச்சேரியில் பயின்றவர். ஆடியில் ஒரு சனிக்கிழமை மாலை பேச்சு, ஞாயிற்றுக்கிழமை ராகு சுடுதல் என்று நிகழ்ச்சி வகுத்தோம்.

இந்த 'ராகு' ஜப்பானியச் சொல். 16-ஆம் நூற்றாண்டில் கியோட்டோ நகரத்தில் சோஜிரோ என்ற கைவினைஞர், சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசானுக்காகக் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்களில் தொடங்கிய மரபு. செந்தணலாக இருக்கும்போதே பாத்திரத்தை இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். எடுத்ததை மரத்தூளில் புதைத்துப் புகையூட்டுவது 1960 வாக்கில் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் போன்ற மட்கலைஞர்கள் சேர்த்தது. இந்த வரலாறு எதுவும் எங்கள் சுவரொட்டியில் இல்லை. 'ராகு பயிற்சி, ஞாயிறு' என்று மட்டும் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆத்தா வந்து, "பெயர்ச்சிக்குப் பரிகாரமா அம்மணி? எனக்கும் ஒரு சீட்டுப் போடு" என்றார். தொலைபேசியில் மூன்று பேர் கட்டணத்தோடு ஜாதகமும் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார்கள். போதாக்குறைக்கு, சூளை திறக்கும் நேரம் ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை, சரியாக ராகு காலத்தில் விழுந்தது.

சனிக்கிழமைப் பேச்சு நன்றாகவே நடந்தது. நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்ததில் இருபத்தாறு நிரம்பின. விருந்தினர் ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன், எங்கள் உறுப்பினரான கல்லூரிப் பையன் மலையாளத்தில் சொன்னான். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டே முக்கால் மணி நேரமானது. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதைச் சொன்னபோது கூட்டம் கொட்டாவி விட்டது. மீக்கர் பிற்பாடு பச்சை மண்ணால் வீடே கட்டி, அந்த வீட்டுக்குள் தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "கதவு ஜன்னலை என்ன செய்தார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கொத்தனார் கேட்டார். அன்றைய நல்ல கேள்வி அதுதான். பாதியில் மின்சாரம் போனதும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. இருட்டில் விருந்தினர் ஆளுக்கொரு எலுமிச்சையளவு மண் உருண்டையைக் கையில் கொடுத்து, பார்க்காமலே ஒரு கிண்ணம் பிடிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பு தேவைப்படாத இருபது நிமிடங்கள் அவை.

இனி சூளை. தேங்காய் எண்ணெய் வந்த 200 லிட்டர் இரும்புப் பீப்பாயை 900 ரூபாய்க்கு வாங்கினேன். ரசாயனம், பெயின்ட் தின்னர் வந்த பீப்பாயை மட்டும் வெட்டப் போகாதீர்கள். உள்ளே தங்கிய ஆவியில் வெட்டும் பொறி பட்டால் வெடிக்கும். எங்களுடையதை முதலில் ஓலை போட்டு எரித்துச் சுத்தம் செய்தபோது தெரு முழுக்க முறுக்குச் சுட்ட வாசனை. பீப்பாயின் உயரம் 88 செ.மீ., குறுக்களவு 57 செ.மீ. சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும் செராமிக் ஃபைபர் கம்பளி 61 செ.மீ. அகலத்தில் வருகிறது. அதனால் பீப்பாயையும் 61 செ.மீ. உயரத்தில் வெட்டினோம். மூடிய பக்கம் மேலே, வெட்டிய பக்கம் கீழே. கீழே மிஞ்சிய 27 செ.மீ. துண்டு பின்னால் புகையூட்டும் தொட்டியானது.

கம்பளி 25 மி.மீ. தடிமன், 1260 டிகிரி வரை தாங்கும் ரகம், ஒரு சுருள் ஏழரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அடுக்குப் போட்டோம். வெளியடுக்குக்கு 1.79 மீட்டர், உள்ளடுக்குக்கு 1.63 மீட்டர், மேல் மூடிக்கு இரண்டு வட்டங்கள். நாலே முக்கால் மீட்டரில் வேலை முடிந்தது. உள்ளே 47 செ.மீ. குறுக்களவு, 56 செ.மீ. உயரம் கிடைத்தது. 12 செ.மீ. கிண்ணம் ஆறு தாராளமாக நிற்கும். இந்தக் கம்பளியை வெட்டும்போது பறக்கும் தூசி கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும். என் தம்பி கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெட்டப் போனான். திட்டி, வடிகட்டி வைத்த முகமூடி வாங்கிவரச் செய்தேன். முழுக்கைச் சட்டை போடாதவர்களுக்கு இரண்டு நாள் அரிப்பு.

கம்பளியைத் தகரத்தோடு பிடித்துவைக்க எங்கள் மண்ணிலேயே 5 செ.மீ. அகலப் பொத்தான்கள் 18 செய்து சுட்டோம். பொத்தானின் இரண்டு கண்களில் கம்பி நுழைத்து, பீப்பாய்க்கு வெளியே முறுக்க வேண்டும். சூளைச் சூட்டிலும் கருகாத நிக்ரோம் கம்பி வாங்கச் சொல்லியிருந்தார் விருந்தினர். கொத்தனார் கட்டுக்கம்பி வீட்டில் கிடந்ததால் அதைப் போட்டேன். அதற்கான கூலி மார்கழியில் கிடைத்தது.

பீப்பாயும் கம்பளியும் சேர்த்து 22.5 கிலோ. மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தி, கிணற்றுக் கப்பி மாட்டி, மறுமுனையில் 20 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டோம். ஒரு கையால் இழுத்தாலே சூளை எழும்பும். இந்த ஒரு பாகத்தை மட்டும் இதுவரை மாற்றவில்லை.

செலவு: பீப்பாய் 900, கம்பளி 3,400, பர்னரும் உயரழுத்த ரெகுலேட்டரும் குழாயும் 2,650, வெப்பமானி கம்பியோடு 1,850, அடிமேடைக்கு இலகு உலைச்செங்கல் 24-க்கு 1,560, பழைய சூளைத் தட்டு 800, நிக்ரோம் கம்பி (கடைசியில் வாங்கத்தானே வேண்டியிருந்தது) 260, கொல்லர் அடித்துக் கொடுத்த நீள இடுக்கி இரண்டு 700, தோல் கையுறை இரண்டு ஜோடி 900. ஆக 13,020 ரூபாய். வணிக சிலிண்டர் வேறு.

ஆடி ஞாயிறு காலை பத்து மணிக்குப் பர்னரைப் பற்றவைத்தோம். தன் பட்டறையில் முதல் சுடு 45 நிமிடம் என்று விருந்தினர் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்தில் வெப்பமானி 640 காட்டியது, இரண்டு மணி நேரத்தில் 780. பிறகு 810-ல் போய் உட்கார்ந்துகொண்டது. தீ அடிக்கடி துளை வழியே வெளியே பாய்ந்தது, இரண்டு முறை அணைந்தே போனது. சிலிண்டரின் கீழ்ப்பாதி வெள்ளையாகப் பனி பூத்தது. 2 மணி 40 நிமிடம் கழித்து சிலிண்டரைத் தராசில் ஏற்றினால் ஏழரை கிலோ எரிந்திருந்தது. கிண்ணத்தின்மேல் கண்ணாடிபோல உருகிப் படிய வேண்டிய கிளேஸ் பூச்சு உருகவே இல்லை. சர்க்கரை தூவியதுபோல மேலே நின்றது. மூன்று மணிக்கு மழையும் வந்தது. பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டியவர்கள். பாதியைத் திருப்பிக் கொடுத்தோம், 7,200 ரூபாய். யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்தியது.

விருந்தினர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். அவருடைய பட்டறை மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது, அங்கே இலைகூட அசையாது, இங்கே காற்று நிற்கவே இல்லையே என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மேல்காற்று அதன் வழியேதான் சீறிக்கொண்டு கிழக்கே போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுழல்வதைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலைக்குப் போகிறவள், காற்று மறைப்பில்லாமல் சூளை வைத்தேன்.

அந்தத் தோல்வி அத்தோடும் முடியவில்லை. சுட்ட கிண்ணங்களைப் பலகையில் அடுக்கிவைத்திருந்தோம். அடுத்த சுடுதலில் கிளேஸை உருக்கிவிடலாம் என்று நினைப்பு. வியாழக்கிழமை இரவு தனியாக உட்கார்ந்து சக்கரத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். மறுபடி 'டிக்'. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு கிண்ணத்தின் வயிற்றில் சுண்டைக்காய் அளவுக்குச் சில்லு தெறித்து விழுந்திருந்தது. பள்ளத்தின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. தொட்டால் மாவாக விரலில் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் 24-லும் அந்த வெள்ளைக் கண் திறந்துவிட்டது.

காரணம் நான். விருந்தினர் அனுப்பிய பட்டியலில் ஸ்டோன்வேர் (மிகு சூட்டில் கல்போல இறுகும்) களிமண் 70 பங்கு, ஓட்டுத்தூள் 30 பங்கு என்றிருந்தது. 'எங்கள் ஊர் மண்ணில்' என்று சுவரொட்டியில் போட்டால் நன்றாக இருக்குமே என்ற ஆசையில், களிமண்ணில் ஏழு கிலோவைக் குறைத்து, உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்பில் கிணறு வெட்டிக் கொட்டிய கரிசல் மண்ணைச் சேர்த்தேன். கிலோ 28 ரூபாய் வீதம் மிச்சம் பிடித்தது 196 ரூபாய்.

ஐப்பசியில் ஆனைமலைப் பக்கத்துக் குயவர் ஒருவரை இரண்டாவது விருந்தினராக அழைத்தோம். எழுபது வயதிருக்கும். பொங்கல் பானையும் சட்டியும் செய்கிறவர். மேடை, மைக் எதுவும் வேண்டாம் என்றார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், தெறித்த கிண்ணத்தைத்தான் முதலில் அவர் கையில் கொடுத்தேன். புள்ளியை நகத்தால் சுரண்டினார். "மண் எங்கே எடுத்தாய் அம்மணி?" தோப்புக்குக் கூட்டிப்போனேன். குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு விரலால் தேய்த்து, மிளகளவு வெளிறிய கல் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சுக்கான் கல். இதைச் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரம் குடித்தால் பொங்காமல் என்ன செய்யும்? வெற்றிலை போடுகிற ஊரில் இதுகூடவா தெரியாது?"

கழிவறை கழுவும் ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், கல் நுரைத்தது. அவருக்கு ஆசிட் தேவைப்படவில்லை. கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு என்றார். காய்ந்தால் சுருங்கும், கோடையில் வயலே பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான், பானை மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்டார். சோதித்துப் பார்த்தேன். பட்டையாக உருட்டிய மண்ணில் 10 செ.மீ. கோடு கிழித்துக் காயவைத்ததில், கரிசல் கலந்தது 8.9 செ.மீ. ஆனது. இந்தச் சோதனைக்கு ஓர் அடிக்கோலும் மூன்று நாள் பொறுமையும் போதும். ஆடிக்கு முன்பே செய்திருக்கலாம்.

அவருடைய பேச்சு நாங்கள் நடத்தியதிலேயே சிறந்தது. பேச்சு என்று சொன்னாலும் வாய் பேசியது குறைவுதான். சக்கரத்தில் எழுப்பிய பானைக்கு அடிப்பாகம் இருக்கவில்லை, ஒரு வளையம்போல நின்றது. அரைநாள் நிழலில் வாட்டினார். பிறகு உள்ளே உருண்டைக் கல்லை ஏந்தி, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடினார். தட்டும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. ஈரமான இடத்தில் 'தொப்', இறுகிய இடத்தில் 'டண்'. காதால் தடிமனை அளக்கிறார் என்று புரிய எனக்கு அரை மணி ஆயிற்று. மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள் இதையே இன்னும் நுட்பமாகச் செய்வார்கள், அங்கே சுருதியே தட்டில்தான் நிற்கிறது என்று எங்கள் பையன் சொன்னான். பெரியவர், "அது வேறு சாதி மண்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் படத்தைக் காட்டினேன். நொய்யல் கரை ஊர். கருவூரிலிருந்து கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்துக்குப் போன பழைய வழி அந்த ஊரைத் தொட்டுத்தான் இந்தக் கணவாயில் நுழைந்தது. வெளியே சிவப்பு, உள்ளேயும் வாயிலும் கறுப்பு. பெரியவர் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "கவிழ்த்து வைத்துச் சுட்டிருக்கிறான். மூச்சு முட்டின இடம் கறுத்திருக்கிறது" என்றார். ஆடிப் பேச்சில் ஆக்சிஜன் குறைந்த சூழல், ஒடுக்கம் என்றெல்லாம் நான் திணறித் திணறி மொழிபெயர்த்ததை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். தையில் அந்தச் சொல்லைத்தான் எல்லோருக்கும் சொன்னேன்: மூச்சு முட்டல்.

புது மண் கலவை 10 கிலோவுக்கு இது: பொள்ளாச்சிப் பக்கத்து ஏரிக் களி 5, உலைக்களிமண் 3, ஓட்டுத்தூள் 2. ஏரிக் களியை இந்தப் பக்கம் கொண்டுவருவது தனிக் கதை. முதல் முறை சரக்கு ஆட்டோவில் ஆறு மூட்டை ஏற்றி வந்து, சோதனைச் சாவடியில் தாள் இல்லை என்று திரும்பிப் போனோம். தாள் வாங்க இரண்டு வாரம். கேரளப் பக்கத்திலேயே வயலில் தோண்டலாமே என்றால், 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் நல்லதுதான், மண்ணை நம்பிப் பிழைக்கிற குயவருக்கு மட்டும் அந்த வயல் மண் எட்டாக்கனி. ஓட்டுத்தூளுக்குச் செலவில்லை. பழைய வீடு இடிக்கும் இடங்களில் உடைந்த மங்களூர் ஓடு குவிந்து கிடக்கிறது. உலக்கையால் இடித்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து, நைசான மாவைத் தனியே தட்டி எடுத்துவிட்டோம். குறுணை மட்டும் போதும். இந்தக் குறுணைதான் திடீர்ச் சூட்டையும் திடீர்க் குளிரையும் கிண்ணம் தாங்க உதவுகிறது. களியை நீரில் கரைத்துக் கொசுவலைத் துணியில் இரண்டு முறை வடித்தோம். கோடு 9.3 செ.மீ.யில் நின்றது.

மார்கழியில் உறுப்பினர்கள் மட்டும் சேர்ந்து ஒத்திகை பார்த்தோம். காற்றுக்கு மறைப்பாகச் சூளையின் மேற்கே எட்டடித் தகரம் நான்கை நட்டு, பர்னர் துளையைக் கிழக்கே திருப்பி, நிம்மதியாகப் பற்றவைத்தேன். பற்றவைத்த பத்தாவது நிமிடம் தீ அணைந்தது. மார்கழியில் கணவாய்க் காற்று திசை மாறிவிடும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கீழ்காற்று நேராகத் துளைக்குள் ஊதியது, தகரம் அதைத் தடுத்துச் சூளைமீதே திருப்பியும் விட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். மார்கழிக் காற்றில் உதடு வெடிக்கிறது என்று வெண்ணெய் தடவுகிறேன். சூளை என்று வந்ததும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவசரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து தென்னங்கீற்றுத் தட்டி இரண்டைக் கொண்டுவந்து கிழக்கே சாத்தினோம். தீ நின்றது, சூடு ஏறியது, 900-ஐத் தாண்டியது. கிண்ணத்தை எடுத்து மரத்தூளில் போட்டதும் எழுந்த ஜுவாலை தட்டியைத் தொட்டது. இரண்டு வாளி மணலில் அணைத்தோம். ஆத்தாவுக்குப் புதுத் தட்டி வாங்கிக் கொடுத்தது 340 ரூபாய். அன்றே கட்டுக்கம்பிகளும் கருகி அறுந்து, மூடிக் கம்பளி ஒரு பக்கம் தொங்கிவிட்டது. எல்லாம் ஒரே நாளில் தெரிந்தது நல்லதுதான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

சூளையைப் பிரித்துக் கம்பி மாற்றும்போது இன்னொன்றைக் கண்டுபிடித்தோம். மேலே புகை போகும் துளை 10 செ.மீ.தான் வெட்டியிருந்தேன். சூடு வீணாகிவிடும் என்ற சிக்கனம். உள்ளே போகும் காற்று வெளியேற வழியில்லாமல் தீ பின்வாங்கியிருக்கிறது. ஆடியில் எல்லாப் பழியையும் காற்றின்மேல் போட்டோம். பாதிப் பழி இந்தத் துளைக்குரியது. 15 செ.மீ.யாக வெட்டி, அதன்மேல் நகர்த்தக்கூடிய ஒரு துண்டுச் சூளைத்தட்டை வைத்தோம். தகரத்தை இரும்புச் சட்டத்தில் 'ட' வடிவத்தில் மாட்டி, கீழே பழைய சைக்கிள் சக்கரங்கள் வைத்தோம். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் உருட்டலாம். சிலிண்டர் மூன்று மீட்டர் தள்ளி, துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில், முழங்கால் அளவு சாதாரணத் தண்ணீரில் நின்றது. பனி பூக்கவில்லை.

தையில் முதல் விருந்தினரே மறுபடி வந்தார். இந்த முறை பட்டியல் எதுவும் அனுப்ப வேண்டாம், ஒரு நாள் முன்னதாக வந்து எங்கள் மண்ணைத் தொட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். கிண்ணத்தின் அடியைக் கொஞ்சம் மெல்லிசாகச் செதுக்கச் சொன்னதைத் தவிர எதையும் மாற்றவில்லை. கிளேஸ்: ஈயம் கலக்காத ஃபிரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) 80 பங்கு, சைனா களிமண் 20 பங்கு. பாதிக் கிண்ணங்களுக்கு அதிலேயே காப்பர் கார்பனேட் 3 பங்கு கூடுதல்.

முதல் சுடு 1 மணி 10 நிமிடம், 2.9 கிலோ வாயு. 500-லிருந்து 600 வரை வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினோம். மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரிகிறது, அந்த வாசலை ஓடிக் கடக்கக் கூடாது. சூளை ஏற்கெனவே சூடாக இருந்ததால் அடுத்த மூன்று சுடுதலும் தலா 35 நிமிடம், 1.3 கிலோ. மொத்தம் 6.8 கிலோ. ஆடியில் ஒன்றுமே உருகாமல் எரிந்ததைவிடக் குறைவு.

வெப்பமானி 980 காட்டினாலும் விருந்தினர் அதை நம்பவில்லை. துளை வழியே பார்க்கச் சொன்னார். முதலில் கிளேஸ் கொப்புளம் கொப்புளமாகக் கொதிக்கிறது, பிறகு கொப்புளங்கள் அடங்கி, ஈரக் கல்போல வழவழப்பாகிறது. அந்த நொடியில் பர்னரை நிறுத்தி, மணல் மூட்டையை இறக்கினால் சூளை எழும்புகிறது. இடுக்கியில் எடுத்து மரத்தூள் தொட்டிக்குள் வைத்து, ஈரச்சாக்கு சுற்றிய மூடியால் அமுக்குவதற்குள் எட்டு எண்ணலாம். பத்து எண்ணினால் செம்பு நிறம் வராது, பச்சையோடு நின்றுவிடும். ரப்பர் மரத்தூள் நன்றாகப் புகைந்தது. தென்னை நார் போட்டுப் பார்த்த தொட்டியில் கறுப்பு இன்னும் ஆழம், ஆனால் நார் கிளேஸில் ஒட்டிக்கொண்டு தழும்பு விட்டது. சிலருக்கு அந்தத் தழும்புதான் பிடித்திருந்தது.

இருபது நிமிடம் கழித்து என் கிண்ணத்தைத் தண்ணீரில் முக்கித் தேங்காய் நாரால் தேய்த்தேன். கரி கழன்று வெள்ளை தெரிந்தது. வெள்ளைக்குள் மயிரிழையாகக் கறுப்பு விரிசல் வலை ஒன்று, வாய் ஓரத்தில் நெருக்கமாகவும் அடியில் அகலமாகவும் ஓடியது. இன்னும் சூடு ஆறாததால் கையில் இருக்கும்போதே மெல்லிய 'கிணுங், கிணுங்' சத்தத்தோடு புதுக் கோடுகள் விழுந்தன. பலகையில் கேட்ட 'டிக்' இல்லை இது என்று உறுதியாவதற்குள் என் நெஞ்சு ஒரு முறை நின்றது.

24-ல் தேறாமல் போன மூன்றில் இரண்டு, தொட்டியில் வைக்கும்போதே திடீர்க் குளிரில் பிளந்தன. இரண்டும் அடி தடித்தவை. மூன்றாவதை நான் இடுக்கியிலிருந்து நழுவவிட்டேன். அது என்னுடையதில்லை, ஓர் ஆசிரியையுடையது. என் கிண்ணத்தைக் கொடுத்தேன், அவர் தயங்காமல் வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு பேரிடம் வந்தது 14,400. விருந்தினருக்கு 8,000, பயணம் 1,640, வாயு, மண், கிளேஸ், சாப்பாடு எல்லாம் போகக் கையில் நின்றது 1,150. ஆடி நஷ்டத்தை அடைக்க இன்னும் ஐந்தாறு ராகு தேவைப்படும்.

அடுத்த முறை மாற்றப்போகிறவை சில உண்டு. பேச்சும் சுடுதலும் ஒரே வாரக்கடைசியில் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாள் இருந்தால் கேட்டவர்கள் தங்கள் கிண்ணத்தைத் தாங்களே செய்து, காயவைத்து, கிளேஸ் பூசுமுன் ஒரு முறை சுட்டுக் கொண்டுவரலாம். நாற்காலி இருபத்தைந்து போதும். மொழிபெயர்ப்பு வாக்கியத்துக்கு வாக்கியம் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சுருக்கிச் சொன்னால் ஆள் தூங்குவதில்லை. நைலான் சேலை, பாலியெஸ்டர் துப்பட்டாவோடு வருகிறவர்களுக்காக நான்கு பருத்திச் சட்டைகளை ஆணியில் மாட்டிவைக்க வேண்டும். இந்த முறை ஒருவரைத் திருப்பி அனுப்பி உடை மாற்றிவரச் சொன்னதில் அரை மணி போனது. சூளையின் உள் உயரம் 56 செ.மீ. தேவைக்கு அதிகம், கிண்ணத்துக்கு 40 போதும், வாயு இன்னும் மிச்சமாகும். எங்கள் புகை எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் போவதால், அவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

பிளந்த இரண்டில் ஒன்று வாய் ஓரம் மட்டும் விண்டிருந்தது. ஆத்தா வந்து பார்த்துவிட்டு, குருவிக்குத் தண்ணீர் வைக்கக் கொடு என்று எடுத்துக்கொண்டு போனார். ராகுக் கிண்ணம் முழுதாக வெந்த மண்ணில்லை, கிளேஸும் விரிசல் விட்டது, அதில் தேநீர் குடிக்கக் கூடாது என்று பயிற்சியில் பன்னிரண்டு பேருக்கும் சொல்லியிருந்தேன். ஆத்தாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் கிண்ணத்தோடு வாசலில் நின்றார்.

"இத்தனை நெருப்பில் போட்டு எடுத்தும் ஒழுகுகிறதே அம்மணி."

அரிசி போட்டு வைக்கச் சொன்னேன்.